முள் நகராத பம்பும் பருப்பு டப்பா கேஜும்

போன வாரம் மகன் டயருக்குக் காற்றடிக்கும் கருவி ஒன்று வாங்கி வந்தான். டிபன் பாக்ஸ் அளவுதான். எத்தனை பவுண்டு வேண்டும் என்று எண்ணை வைத்துவிட்டால், அதுவாக உறுமி, அதுவாக அளந்து, அதுவாக நின்றுவிடுகிறது. வேடிக்கை பார்க்கப் போன என் மூக்கில் சூடான ரப்பர் வாசனை ஏறியது. அவ்வளவுதான், எழுபதுகளில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தோட்டத்து வீட்டின் கார் ஷெட்டில் போய் நின்றுவிட்டேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். வீட்டுக்காரர் பழைய கறுப்புக் கார் ஒன்றை வாங்கியிருந்தார். டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி, செருப்புக் காலால் ஓர் உதை. "கிண்ணுனு இருக்குது புள்ள" என்பார். மறுநாள் அது சப்பென்று உட்கார்ந்திருக்கும். காற்றடிக்கும் கடையோ ஆறு மைல் தள்ளி. காற்றே இல்லாத டயரோடு அங்கே எப்படிப் போவது? அதனால் டயர் நிஜமாகவே கிண்ணென்று இருந்த ஒரு நாளில், வீட்டுக்கே ஒரு பம்பு வாங்க இரண்டு பேரும் கோயமுத்தூர் போனோம்.

கடைக்காரர் காலால் மிதிக்கிற பம்பு இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று வெறும் பம்பு. இன்னொன்றின் தலையில், ஏறிய காற்றின் அளவை முள்ளால் காட்டக் கடிகாரம் மாதிரி ஒரு கேஜ். என் வீட்டுக்காரர் கண் அதிலேயே ஒட்டிக்கொண்டது.

"ஏனுங்க, மிதிக்க மிதிக்க முள்ளு ஆடுமுங்க. பம்பு தனியா, கேஜு தனியா வாங்கிக்கலாமுங்க" என்றேன். கண்ணாடிப் பெட்டிக்குள் பேனா மாதிரி ஒரு கேஜ் இருந்தது. வால்வில் வைத்து அழுத்தினால் பின்னால் ஒரு குச்சி நீளும்; அதில் எண் இருக்கும்.

"ஒண்ணுலயே ரெண்டும் இருக்கறப்ப அது எதுக்கு?" என்று முடித்துவிட்டார். அவர் பம்பை டிக்கியில் வைக்கப் போன நேரத்தில் நான் அந்தப் பேனாவை வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். வீட்டில் அது துவரம்பருப்பு டப்பாவுக்குள் குடியேறியது. ஏன் ஒளித்தேன் என்று கேட்காதீர்கள். புருஷன் வேண்டாமென்ற சாமானை மேசைமேல் வைக்கிற தைரியம் அப்போது வந்திருக்கவில்லை.

அடுத்த மாதம் என் நாத்தனாரைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளைக்கு மூணாறு பக்கம் தேயிலை எஸ்டேட்டில் வண்டி ரிப்பேர் வேலை, பெற்றோர் பொள்ளாச்சியில். அவர்களை அழைத்துவர இவர் காலையிலேயே காற்றடிக்க ஆரம்பித்தார். முள் இருபதில் நின்றது. மிதித்தார். அப்போதும் இருபது. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மிதித்தார்.

"போதுமுங்க" என்றேன்.

"முள்ளு இருவதத் தாண்டவே மாட்டீங்குது. உனக்கு என்ன தெரியும்?"

அவர் குளிக்கப் போனதும் பேனாவை எடுத்துக்கொண்டு ஓடினேன். குச்சி தெறித்து வெளியே வந்தது. இருபத்து நாலு இருக்க வேண்டிய டயரில் நாற்பத்தெட்டு! காற்றைப் பிடுங்குவதற்குள் அவர் ஈரத் தலையோடு வந்துவிட்டார். பேனா மறுபடி டப்பாவுக்கு. கார் பொள்ளாச்சிக்கு.

மதியம் திரும்பி வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கொண்டை காதோரம் வந்திருந்தது. "குழிக்குக் குழி தல போயி முட்டுது. இந்தச் சம்பந்தமே வேண்டாஞ்சாமி" என்று தன் கணவர் காதில் அவர் சொன்னது அடுப்படிவரை கேட்டது. ஜன்னலோரம் பட்டுப் புடவையில் நின்ற நாத்தனாரின் முகம் வாடிப்போனது.

மாப்பிள்ளை மட்டும் உள்ளே வரவில்லை. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி டயர் பக்கத்தில் குந்திவிட்டார். ஒரு விரலால் சுண்டிப் பார்த்து, "கேஜு இருக்குங்களா?" என்றார்.

இவர் பெருமையாகப் பம்பைக் கொண்டுவந்தார். மாப்பிள்ளை அந்தக் கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டினார். முள் அசையவில்லை. "இது செத்துப்போச்சுங்களே. வேற இருக்குங்களா?"

ஒரு பக்கம் புருஷன், மறுபக்கம் ஜன்னலோரத்து முகம். அடுப்படிக்குப் போய், பருப்புத் தூசி ஒட்டிய பேனாவைக் கொண்டுவந்து நீட்டினேன். இவர் பேனாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் பேனாவைப் பார்த்தார்.

நாலு டயரிலும் புஸ்ஸென்று காற்றை இறக்கிவிட்டு மாப்பிள்ளை எழுந்தார். "அம்மா, ஊடு நல்ல ஊடுதான். காத்துத்தான் ஜாஸ்தி."

அந்த அம்மா முறைத்துப் பார்த்தார். பிறகு கொண்டையைச் சரி செய்துகொண்டே சிரித்துவிட்டார். உள்ளே நாத்தனார் அண்ணியான என் கையைக் கிள்ளி, "நங்கை, எனக்குச் சம்மதம்னு சொல்லிப்போடுங்க" என்றாள். அவளை இன்னும் யாரும் கேட்டிருக்கவில்லை.

இவர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஷெட்டிலிருந்து, "அந்தப் பேனாவக் கொண்டா புள்ள" என்று குரல் வந்தது.

பெண் பார்த்த அன்று சாயங்காலம் அவர்களைப் பொள்ளாச்சியில் கொண்டுபோய் விடக் கிளம்பியபோது, கூடப் போகிறேன் என்று வீட்டில் ஆளாளுக்கு ஏறிக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா மடியில் என் சின்ன மாமியார், அவர் மடியில் வாழைத்தார். ஒன்பது பேர். இடமில்லை என்று யாரும் சொன்னதாக ஞாபகமில்லை.

இப்போது இவரும் உயிரோடு இல்லை, நாத்தனாரும் இல்லை. இந்தத் தை மாதம் அவள் பேத்திக்குக் கல்யாணம். எங்கள் வீட்டிலிருந்து மூன்று கார் கிளம்பியது. போனது நாலு பேர்.