எட்டாமல் வைத்த செம்பு

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்தில் சாலைகளை மறித்துக்கொண்டிருந்த வருடம் அது. புரட்டாசி பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. வடக்கனந்தலுக்குப் பக்கத்தில், கல்வராயன் மலை வீட்டு வாசலிலிருந்தே தெரிகிற ஒரு சின்ன ஊரில் என் மாமியார் வீடு. எனக்கு இருபத்து மூன்று வயது. என் மகனுக்கு ஒன்றரை வயது, இன்னும் பால் மறக்கவில்லை. அந்த வீட்டில் பன்னிரண்டாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான். மருந்துச் சீட்டைப் படிப்பது, கடிதம் எழுதுவது எல்லாம் என் வேலை. ஆனால் முடிவு எடுப்பது என் வேலை இல்லை. அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

என் நாத்தனார் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். என்னைவிட மூன்று வயது சின்னவள், வாயாடி. அவள் கணவர் சென்னையில் வேலையில் இருந்தார். சுகப்பிரசவம், பெண் குழந்தை. பிறந்த அன்றிலிருந்து எங்கள் பக்கத்து வழக்கம் தொடங்கியது. சன்னலைச் சாத்திய அறை, காதில் பஞ்சு, காலையில் லேகியம், சோற்றுக்குப் பூண்டும் கருவாடும் போட்ட மிளகுக் குழம்பு. தண்ணீர் மட்டும் கூடாது.

"பச்ச ஒடம்பு. தண்ணி ஜாஸ்தி குடிச்சா வயிறு தொங்கிப்பூடும், கொழந்தைக்கு சளி கட்டும். வேளைக்கு ரெண்டு வாய் வெந்நீ போதும்" என்று மாமியார் சொல்லியிருந்தார். பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது.

அந்த வருடம் புரட்டாசியிலும் வெயில் குறையவில்லை. அந்த அறைக்குள் நுழைந்தாலே எனக்கு முதுகு நனைந்துவிடும்.

"அண்ணி, நாக்கு ஒட்டிக்கினு வருது. ஒரு செம்பு தண்ணி குடு அண்ணி."

"உங்கம்மா வரட்டும், கேட்டுக்கினு குடுக்கறேன்."

"எங்கம்மா இன்னா, போலீஸா?" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். ஆனால் தண்ணீர் கொடுக்கவில்லை. அவள் எட்டி எடுத்துவிடுவாளோ என்று செம்பை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றி வைத்தேன். உடம்பில் பெரும்பங்கு தண்ணீர்தான் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. என் பிரசவத்தின்போது, எல்லாரும் அந்தப் பக்கம் போனதும் என் அம்மா முந்தானையில் மறைத்துச் சீரகத் தண்ணீர் கொண்டுவந்து தருவார். ஒவ்வொரு நாளும். வெளியே யாருக்கும் தெரியாது. எனக்கு அப்படி ஒருத்தி இருந்தாள். நாத்தனாருக்கு அப்படி ஒருத்தியாக நான் இருந்திருக்கலாம். மாமியார் கண்டுபிடித்தால் என்ன சொல்வார் என்ற பயமே எனக்குப் பெரிதாகப் போய்விட்டது.

ஆறாம் நாள் தலை வலிக்கிறது என்றாள். ஏழாம் நாள் வலியில் வாந்தி எடுத்தாள். சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டோம். எட்டாம் நாள் காலை குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள், "அண்ணி, புள்ளையப் புடி, கை..." என்றாள். மீதியைச் சொல்லவில்லை. வலது கை துணி மாதிரி மடியில் விழுந்தது. குழந்தை சரிவதற்குள் நான் பிடித்துவிட்டேன். மறு நிமிடம் அவளுக்கு உடம்பெல்லாம் வெட்டி வெட்டி இழுத்தது. வாயின் ஓரம் ஒரு பக்கமாகக் கோணியது.

மாமியார் ஓடிவந்து பார்த்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டார். "ஜன்னிடா! மலைக்கு ஆள அனுப்பு, வைத்தியர இட்டுக்கினு வரச் சொல்லு!"

என் கணவர் நடுக்கூடத்தில் நின்று என்னைப் பார்த்தார். "நீ இன்னா சொல்ற? படிச்சவதான நீ."

அன்றுவரை அவர் அப்படி என்னிடம் கேட்டதில்லை. மலைக்குப் போய் ஆளை அழைத்துவரக் குறைந்தது அரை நாள் ஆகும். ஆஸ்பத்திரி இருக்கும் கள்ளக்குறிச்சிக்கோ, மறியல்காரர்கள் வழியெல்லாம் மரம் வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் ஓடி நாலு நாள். ஆஸ்பத்திரி என்று நான் சொல்லி, வழியிலேயே அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? 'படிச்சவ பேச்சைக் கேட்டுப் பொண்ணைப் பறிகொடுத்தோம்' என்று வாழ்நாள் முழுக்கக் கேட்க வேண்டியிருக்கும். சொல்லாமல் இருந்தாலோ? மறுபடி ஒரு முறை அவளுக்கு வெட்டி இழுத்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாங்க" என்றேன்.

என் மகனைப் பக்கத்து வீட்டில் விட்டோம். பச்சைக் குழந்தைக்குப் பால் வேண்டுமே, அதனால் அதை நான் எடுத்துக்கொண்டேன். நாத்தனாரைக் கயிற்றுக் கட்டிலோடு மாட்டுவண்டியில் ஏற்றினோம். வண்டி குலுங்குகிறபோதெல்லாம் அவள் மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்ப்பேன். மடியில் அவள் குழந்தை என்னிடம் பால் குடித்துக்கொண்டிருந்தது. மாமியார் மலை இருக்கும் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

இரண்டாவது ஊரைத் தாண்டியதும் முதல் மரம். பெரிய புளியமரம், கிளையோடு சாலையை அடைத்துக் கிடந்தது. இரண்டு பக்கமும் வாய்க்கால். பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"எந்த வண்டியும் போவாதுங்க. திரும்புங்க" என்றார் தலையில் துண்டு கட்டிய ஒருவர்.

"உயிரு போவுதுய்யா!" என்று என் கணவர் கத்தினார்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. நேத்து ஒர்த்தன் மாமியாருக்கு நெஞ்சு வலின்னான். உள்ள பாத்தா வாழத்தாரு" என்றார் இன்னொருவர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

எனக்கு எங்கிருந்து கோபம் வந்தது என்று தெரியவில்லை. குழந்தையோடு கீழே குதித்து, "வந்து பாருங்க! எட்டு நாளு ஆன புள்ள இது. அதோட ஆத்தா அங்க கெடக்குது!" என்றேன். துண்டு கட்டியவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். கோணிய வாயைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"வண்டிதான்டா போவாது. கட்டிலு போவும். தூக்குங்க!"

ஆறு பேர் மரத்தின்மேல் ஏறி நின்று, கட்டில் சாயாமல் கைமாற்றி அந்தப் பக்கம் இறக்கினார்கள். அங்கே மாட்டிக்கொண்டு நின்ற இன்னொரு மாட்டுவண்டியை அவர்களே பேசிப் பூட்டினார்கள். துண்டுக்காரர் கூடவே வண்டியில் ஏறிக்கொண்டார். "முன்னால இருக்கறவனுங்க என் பேச்சக் கேப்பானுங்க" என்றார். அவர் சொன்னபடிதான் நடந்தது. அடுத்த மரத்தில் அவர் குரல் கொடுத்ததுமே ஆட்கள் ஓடிவந்து கட்டிலைக் கடத்தி, வேறு வண்டியும் பிடித்துத் தந்தார்கள்.

மூன்றாவது மரத்தில் ஒருவரையும் காணோம். கொஞ்சம் முன்பு போலீஸ் வந்து போயிருக்கிறது, எல்லாரும் ஓடிவிட்டார்கள். துண்டுக்காரர் கூப்பிட்டுப் பார்த்தார், பதில் இல்லை. இருந்ததோ என் கணவர், அவர், வண்டிக்காரர், மூன்றே பேர். நாத்தனாருக்கு மறுபடி இழுக்க ஆரம்பித்தது. நான் குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டுக் கட்டிலின் நாலாவது காலைப் பிடித்தேன். மரத்தின்மேல் கால் வைத்ததும் பட்டை வழுக்கியது. கட்டில் என் பக்கம் சாய்ந்தது. அவள் தலை என் கையில் வந்து மோதியது. அவ்வளவுதான், நானே கீழே போட்டுவிடப் போகிறேன் என்று நினைத்தேன்.

அப்போது கரும்புக் காட்டுக்குள் சலசலவென்று சத்தம். நாலைந்து பேர் ஓடிவந்து கட்டிலைத் தாங்கிக்கொண்டார்கள்.

"வுடுக்கா, வுடுக்கா. நீயே தூக்கிட்டா நாங்க இன்னாத்துக்கு?" என்றார் ஒருவர். கையை விடத்தான் முயன்றேன். விரல்கள் கட்டில் காலிலிருந்து பிரியவே இல்லை.

அவர்கள் பிடித்துத் தந்த வண்டியில் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. பணியில் இருந்த டாக்டரம்மாவுக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். வலிப்புக்கு ஊசி போட்டுவிட்டு, கையையும் காலையும் தட்டிப் பார்த்தார். இரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு எங்களிடம் வந்தார்.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். ஆனா ரோடு இல்ல. தலையப் படம் எடுத்துப் பாக்கற மெஷின் இங்க கிடையாது. நீங்க சொல்றத வச்சுத்தான் நான் முடிவு பண்ணணும். உள்ளத உள்ளபடி சொல்லுங்க. பிரசவத்துக்கு முன்னாடி கால் வீங்குச்சா? ஜுரம் இருந்துச்சா?"

மாமியார் இல்லை இல்லை என்று தலையாட்டினார்.

"தண்ணி எவ்வளவு குடிச்சாங்க?"

"அதுக்கு இன்னாம்மா கொறச்சலு? கேக்கக் கேக்கக் குடுத்தோம்."

டாக்டரம்மா சீட்டில் ஏதோ எழுதப் போனார். பேனா முனை தாளில் படுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மாமியார் பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை, பயந்துவிட்டார். எனக்கும் அதே பயம்தான். ஆனால் செம்பை மேலே ஏற்றி வைத்தது என் கை.

"இல்லீங்க டாக்டர்" என்றேன். "தண்ணி குடுக்கல. எட்டு நாளா வேளைக்கு ரெண்டு வாய் வெந்நீதான். அது கேட்டுச்சு. நான்தான் குடுக்கல."

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார்.

டாக்டரம்மா திட்டவில்லை. எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். உடனே நர்ஸைக் கூப்பிட்டு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றச் சொன்னார். பிறகு எனக்குப் புரியும்படி சொன்னார். தலையிலிருந்து ரத்தம் திரும்புகிற குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம். இதுவும் ஒரு பக்கவாதம்தான். பிரசவமான உடம்பில் ரத்தம் சீக்கிரம் உறையும், தண்ணீரும் இல்லாவிட்டால் ஆபத்து கூடும். பக்கவாதம் என்றால் வயதானவர்களுக்கு வருவது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"முன்னெல்லாம் ஜன்னின்னு எழுதிட்டு விட்டுடுவாங்க. இப்பதான் நம்ம டாக்டர்ங்க இத உக்காந்து ஆராய்ச்சி பண்றாங்க. ஆரம்பத்துல தாக்குப் பிடிச்சிட்டா, சின்ன வயசுப் பொண்ணுங்க நிறைய பேர் நல்லா எழுந்துடறாங்க. ஆனா தாக்குப் பிடிக்கணும்" என்றார். போகும்போது திரும்பி, "தண்ணி மட்டுமே காரணம்னு என்னால சொல்ல முடியாது. நல்லா குடிச்சவங்களுக்கும் வந்திருக்கு" என்றார். எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை இன்றுவரை நான் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று வராந்தாவில் மாமியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எங்கம்மா எனக்கு இப்படித்தான்டி செஞ்சா. அஞ்சு பெத்தேன். நானே எம்பொண்ணுக்கு எமனாயிட்டனா?" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நாலாம் நாள் அவள் கண் விழித்தாள். என்னைப் பார்த்தாள். உதடு கோணியபடி ஒரு வார்த்தை வந்தது: "தண்ணி." நான் அழுதுகொண்டே ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். முதலில் கரண்டியில் கொஞ்சம் கொடுத்து விழுங்குகிறாளா பார் என்றார் டாக்டரம்மா. கொடுத்தால் தலையை ஆட்டுகிறாள், வேண்டாமாம். குழந்தையைக் காட்டி மறுபடி, "தண்ணி" என்றாள். அவள் அண்ணனைப் பார்த்து, "தண்ணி." மரம் வெட்டுவது நின்ற பிறகு சென்னையிலிருந்து வந்து சேர்ந்த தன் கணவரைப் பார்த்தும் அதேதான். மூளையில் பேச்சுக்கான இடம் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சில நேரம் ஒரே ஒரு வார்த்தை மட்டும் மாட்டிக்கொள்ளும், எல்லாவற்றுக்கும் அதுவே வரும் என்று டாக்டரம்மா விளக்கினார். அவளுக்கு மாட்டியது அந்த வார்த்தை. ஒரு நாளைக்கு நூறு முறை அதை நான் கேட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு, விழுந்த கைக்குப் புறா ரத்தம் தடவலாம் என்று பலபேர் வந்து சொன்னார்கள். இந்த முறை மாமியாரே, "வாணாம். டாக்டரம்மா சொன்னதச் செய்யட்டும்" என்று அனுப்பிவிட்டார். குழந்தையை எப்போதும் வலது பக்கம் போட வேண்டும், பேசுகிறவர் வலது பக்கம் உட்கார வேண்டும், முடிந்த வேலையை அந்தக் கையே செய்ய வேண்டும், எல்லாவற்றையும் நாமே செய்து கொடுத்தால் கை தன் வேலையை மறந்துவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. செய்த பாவத்துக்கு ஓடி ஓடி எல்லாம் செய்துவிடவே கை பரபரக்கும். ஒரு முறம் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, அவள் முன்னால் வைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் மடியில் அழுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முதல் மல்லாட்டை உடைய ஒரு காலைப் பொழுது ஆனது. பொங்கலுக்குள் ஒரு முறம் முழுவதும் உரித்தாள். 'புள்ள' வந்தது, 'அம்மா' வந்தது. ஒரு நாள் நான் சோற்றைக் குழைய விட்டபோது, "இன்னா அண்ணி, கஞ்சியா?" என்றாள். அன்றுதான் நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

போன வருடம் எனக்கு இரண்டாவது பிரசவம். பிறந்த வீட்டில் படுத்திருந்தேன். மாமியாரும் நாத்தனாரும் பார்க்க வந்தார்கள். வந்தவள் நேராக அடுக்களைக்குப் போய், செம்பு நிறையத் தண்ணீர் மொண்டு வலது கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்தக் கை இன்னும் கொஞ்சம் நடுங்கும். இடது கையைத் துணைக்குக் கொடுக்கவில்லை. நடந்த வழியெல்லாம் சிந்தியது.

"குடி அண்ணி."

பின்னால் நின்ற மாமியார் செம்புக்குள் எட்டிப் பார்த்தார். "பாதிய வழியிலயே வூத்திட்டு வந்திருக்க. போய் இன்னும் மொண்டா" என்றார்.

எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் இப்போது எதையும் வைப்பதில்லை. ஆனாலும் சரி என்று மனதுக்குத் தெரிந்த ஒன்றைப் பயந்து சொல்லாமல் விழுங்கப் போகும் ஒவ்வொரு முறையும், அங்கே அந்தச் செம்பு இருப்பது போலவே எனக்குத் தோன்றுகிறது.