பக்கத்து இருக்கையில் இரண்டு ரீம்

எந்த வண்டி அருகே போனாலும் காசிராஜன் சும்மா கடந்து போக மாட்டார். குனிந்து, சக்கரத்துக்கும் அதன் மேலுள்ள வளைவுக்கும் நடுவில் விரல்களை விட்டுப் பார்ப்பார். தன் வண்டி, பிறர் வண்டி என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. கல்யாண மண்டப வாசலில் பூச்சுற்றி நிற்கும் மாப்பிள்ளை காரிலும் கையை விடுவார். அவருடைய மகள் பிரீத்திகா பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இதைப் பார்த்து வருகிறாள். ஒருமுறை ஒரு டிரைவர், அவரை டயர் திருட வந்தவர் என்று நினைத்து அதட்டினான். "கோவிக்காத தம்பி, உன் வண்டி காலத் தூக்கிக்கிட்டு நிக்குது. அதான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு மொய் எழுதப் போய்விட்டார்.

திருத்தங்கலில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் அவர் மெஷின்மேன். உருளையில் சுற்றிய ரப்பருக்கு அடியில் ஒரு தாள் கூடினால் மை அப்பிவிடும், ஒரு தாள் குறைந்தால் சாமி படத்தின் முகம் மங்கிவிடும். அந்த இடைவெளியைச் சரிக்கட்டுவதிலேயே அவருடைய வயது போனது.

முதலாளியின் மகன் வாங்கிப் போட்டுவிட்டு வெளிநாடு போன கார் ஒன்று அச்சகக் குடோனில் தூசி படிந்து கிடந்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். காலண்டர் சீசனுக்குக் குடோனைக் காலி செய்யும்போது, இரும்புக் கடைக்குப் போடுவதை நீயே எடுத்துப் போ என்று முதலாளி சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் தெருவே வேடிக்கை பார்க்க, காசிராஜன் அதைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்.

அவருடைய மனைவி ஆவுடைத்தாய் வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான். "இதுல எனக்கு எடம் இருக்கா?"

கேட்டதற்குக் காரணம் உண்டு. தீப்பெட்டி ஆபீசில் வருஷக்கணக்கில் தரையில் குந்தி லேபிள் ஒட்டியதில் அவருக்கு இடுப்பு போயிருந்தது. ஆனாலும் ஆடி மாதம் வெள்ளிக்கிழமை தவறாமல் பஸ்ஸில் நின்றுகொண்டே இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய் வருவார். கல்யாணமான பிறகு கணவனோடு ஒருமுறைகூடப் போனதில்லை. ஆடி பிறந்தால் அச்சகத்தில் காலண்டர் ஆர்டர் தொடங்கிவிடும். இந்த ஆடிக்கு அந்தக் காரில் கூட்டிப் போகிறேன் என்று காசிராஜன் வாக்குக் கொடுத்தார்.

இஞ்சின் சீக்கிரமே ஓடிவிட்டது. ஆனால் முன்பு யாரோ மாட்டிய முரட்டு ஸ்பிரிங்கில் கார், நாயைக் கண்ட பூனை மாதிரி முதுகைத் தூக்கி நின்றது. கொஞ்சம் இறக்க வேண்டும், தரையோடு படுக்கவும் கூடாது. மெக்கானிக் அகஸ்டின், ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிட்டால் செலவே இல்லை என்றான். வெட்டினால் குதிக்கும், அம்மாவின் இடுப்பு தாங்காது என்று பிரீத்திகா தடுத்தாள். அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி அவள். இஞ்சினியரிங் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தாள். பரீட்சைக்காக மனப்பாடம் செய்த ஸ்பிரிங் கணக்கு வீட்டுக்கு உதவப்போகிறது என்பதில் அவளுக்குச் சந்தோஷமும் இருந்தது, சரியாகத்தான் செய்கிறோமா என்ற பயமும் இருந்தது. குட்டை ஸ்பிரிங் மட்டும் தனியாகக் கிடைத்தது. ஆனால் ஒருமுறை மாட்டினால் அந்த உயரம்தான். கடைசியில் கோயம்புத்தூர்க் கடை ஒன்றில், ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்து வரும் காயில் ஓவர் செட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் கழுத்தில் ஒரு வளையம் இருக்கும். அதைத் திருகினால் வண்டி ஏறும், இறங்கும்.

எந்த ஸ்பிரிங் அனுப்ப என்று கடைக்காரர், காரில் உட்காரப்போகும் இரண்டு பேருடைய எடையையும் கேட்டார். "அம்மா எடை எவ்வளவுப்பா?" என்றாள் பிரீத்திகா. "நாப்பத்திநாலு" என்றார் அவர், யோசிக்கவே இல்லை. அவளும் அப்படியே அனுப்பிவிட்டாள்.

செட்டை மாட்டி உயரம் வைத்த அன்று, காசிராஜன் அச்சகத்திலிருந்து இரண்டு ரீம் ஆர்ட் பேப்பர் கொண்டுவந்தார். ஒவ்வொன்றின் உறையிலும் இருபத்திரண்டு கிலோ என்று அச்சாகியிருந்தது. இரண்டையும் பக்கத்து இருக்கையில் அடுக்கி, பெல்ட்டையும் போட்டுவிட்டார்.

"இது யாரு அண்ணாச்சி?" என்றான் அகஸ்டின்.

"வீட்ல."

"பேச்சுச் சத்தமே காணோமே."

சாத்தூர் ரோட்டில் இருந்த வேகத்தடைகளையெல்லாம் முன்னமே அளந்து வைத்திருந்தார். வண்டியின் வயிற்றுக்கும் தடைக்கும் நடுவே ஒரு காலண்டர் அட்டை நுழைந்தால் போதும் என்றார். இன்னும் இரண்டு விரல் விடலாம் என்று அகஸ்டின் சொன்னதைக் கேட்கவில்லை. மெஷினில் அவர் அதைவிடக் குறைந்த இடைவெளியில் சாமிகளை அச்சடித்தவர்.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை ஆவுடைத்தாய் மஞ்சள் புடவையில் வந்து ஏறினார். பிரீத்திகா பூசைச் சாமான்களோடு ஸ்கூட்டியில் பின்னால் போனாள். முதல் பட்டாசு ஆலைக்கு முன்னால் உள்ள வேகத்தடையில் கார் அடிவயிறு தேய்ந்து நின்றது. ஆவுடைத்தாய் இறங்கினார். கார் தேயாமல் தடையைத் தாண்டியது. மறுபடி ஏறினார். அடுத்த தடையிலும் அதே கதைதான். பைக்கில் போன ஒருவர், "என்ன மதினி, தள்ளுறதுக்கா கூட்டிட்டு வந்தாக?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மூன்றாவது இடத்தில் இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர் கேட்டார்: "நான் எம்புட்டுக் கனம்னு கணக்குப் போட்டீக?"

காசிராஜன் சொன்னார்.

"அது கல்யாணமான மாசம் விருதுநகர் ஸ்டேஷன் எடை மிசின்ல வந்த சீட்டு. இப்ப எழுபத்தொண்ணு."

அவர் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். பிரீத்திகாவுக்கு அப்பாவைவிடத் தன்மீதுதான் வெட்கமாக இருந்தது. ஒரே வீட்டில்தானே இருந்தாள்! ஆவுடைத்தாய்க்கு மட்டும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சாத்தூரில் பஸ் ஏறிவிட்டார். பஸ்ஸுக்குப் பின்னாலேயே சிவப்புக் கார் இருக்கன்குடி வரைக்கும் போனது. ஜன்னல் வழியே அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனதைப் பிரீத்திகா இன்றும் நினைத்துக்கொள்வாள்.

கோயில் வாசலில் காசிராஜன் தேங்காய் பழத் தட்டை வாங்கிக்கொண்டு சொன்னார்: "அடுத்த ஆடிக்கு ஒரு எடத்துலயும் உன்னைய எறங்க விடமாட்டேன், தாயி."

வளையத்தைத் திருக அகஸ்டினுக்கு அரைநாள் வேலை. ஆனால் சீசன் வந்தது. தீபாவளி கழியட்டும் என்றார், பிறகு பொங்கல் கழியட்டும் என்றார். வாசலில் கார் நிற்கும் அழகைக் குலைக்கவும் அவருக்கு மனம் வரவில்லை என்று பிரீத்திகாவுக்குத் தோன்றும். மாசியில் ஒருநாள் மெஷின் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

பிரீத்திகாவுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. ஆடிக்கு லீவு போட்டு வந்தவள், அகஸ்டினிடம் சொல்லி வண்டியை ஏற்றிவிடுகிறேன், நானே ஓட்டிக் கூட்டிப் போகிறேன் என்றாள்.

ஆவுடைத்தாய் கொண்டையில் பூவைச் செருகப்போன கையை இறக்கினார். இப்போது பூ வைப்பதில்லை என்பது அவருக்கு அவ்வப்போது மறந்துபோகும்.

"வேண்டாம்த்தா. அவுக சொன்ன சொல்லு அவுக கணக்குலயே கெடக்கட்டும். நீ தீத்துட்டா, அவுக எனக்குத் தர வேண்டியதுன்னு என்ன மிஞ்சும்?"

இரண்டு பேரும் பஸ்ஸில்தான் போனார்கள். ஆவுடைத்தாய்க்கு அன்று உட்கார இடம் கிடைத்தது.