இரண்டு வட்டுகளும் ஒரு மஞ்சள் வயரும்

எது நல்லது என்று கேட்பவரிடம், எது நிலைக்கும் என்று தெரியாமலே நாள் முழுக்க நின்றபடி பதில் சொல்வதுதான் எங்கள் தொழில். கடையில் நின்று கால் வீங்கியவர்களுக்கு இது புரியும்.

அப்போது துல்லியப் படத்துக்கு இரண்டு வகை வட்டுகள் வந்திருந்தன: ப்ளூ-ரே, எச்.டி. டிவிடி. ஒன்றின் வட்டு மற்றதன் பெட்டியில் ஓடாது. சாத்தூரிலிருந்து வெளிமாநிலம் வந்து, அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தும் வேலை கிடைக்காமல், பக்கத்திலேயே ஒரு ஷோரூமில் இந்தப் பெட்டிகளை விற்கச் சேர்ந்தேன். பயிற்சிக் காலம் முடிந்து மேனேஜர் தலையாட்டினால் வேலை நிரந்தரம். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அவர் தலை எந்தப் பக்கம் ஆடும் என்பதுதான் கவலை.

முதல் வாடிக்கையாளர்

டோலிசௌக்கியிலிருந்து வந்த பெரியவர். எந்த சினிமா கம்பெனி எந்தப் பக்கம், எந்த வட்டில் இடம் அதிகம் என்று தொண்டை வற்றச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். ஜெயிக்கப்போகும் பெட்டியை மட்டும் கட்டிக் கொடு என்பதைத் தன் உருது பாஷையில் சொன்னார்: "யே சப் நக்கோ மியா, ஜீத்னேவாலா டப்பா பேக் கர் தேவ்!"

சாத்தூரிலிருந்து போன்

அப்பா தீப்பெட்டி ஆபீசில் சுமை தூக்குகிறவர். என்ன வேலை என்று கேட்டார். இரண்டில் எது நல்லது என்று எடுத்துச் சொல்கிற வேலை என்றேன். "எதுடா நல்லது?" என்றார். யாருக்கும் இன்னும் தெரியாதுப்பா என்றேன். அவர் கேட்டார்: "அதைச் சொல்லவா பி.எஸ்ஸி. படிச்ச?"

காஞ்சன்பாக் தம்பதி

ஏவுகணை செய்யும் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் தமிழர். மனைவியும் கூட வந்திருந்தார். என் தமிழைக் கேட்டதும் கணவருக்குத் தெம்பு வந்துவிட்டது. "நாளைக்கு ஒண்ணை நிறுத்திட்டா, வாங்கின வட்டையெல்லாம் என்ன பண்றது?" என்றார். தெரியவில்லை சார் என்றேன். இரண்டு பெட்டிகளையும் தடவிப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் வருவதாகச் சொன்னார். அந்த அம்மா என்னிடம் குனிந்து சொன்னார்: "ஏவுகணைக்குக்கூட இவ்வளவு யோசிக்க மாட்டார் தம்பி. நீயாவது ஒண்ணைச் சொல்லித் தொலையேன்."

மஞ்சள் வயர்

ஒரே மாதிரி இரண்டு டிவிகளில் ஒரே படம் ஓடும். இடது பக்கம் எச்.டி. டிவிடி, வலது பக்கம் ப்ளூ-ரே. வலதுதான் பளிச்சென்று இருக்கும். வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் காட்டுவார்கள். ஒருநாள் பின்னால் தூசி துடைத்தபோது காரணம் தெரிந்தது. வலது பெட்டிக்குத் துல்லியப் படம் கடத்தும் எச்.டி.எம்.ஐ. வயர், இடது பெட்டிக்குப் பழைய டிவிடிக்குப் போடும் மஞ்சள் வயர். மாட்டிய அன்று நல்ல வயர் ஒன்றுதான் இருந்ததாம்.

மேனேஜரிடம் ஓடினேன். அவர் சித்தூர்க்காரர், தமிழ் பேசுவார். விற்றாக வேண்டிய ப்ளூ-ரே பெட்டிகள் குடோனில் குவிந்து கிடந்தன. கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அந்த வயர் பக்கம் போகாதே பாபு. இந்த வாரம் உன் கன்ஃபர்மேஷன்."

கார்டை எடுத்தபோது

சனிக்கிழமை காஞ்சன்பாக் தம்பதி வந்தார்கள். அன்றுதான் இரண்டு டிவிகளும் ஓடிக்கொண்டிருந்ததைக் கணவர் கவனித்தார். "இப்பதான் தெளிவாச்சு. வலது பக்கம்தான்!" என்று கார்டை எடுத்தார். மேனேஜர் என் முதுகுக்குப் பின்னால் நின்றார். "சார், இடது பக்கம் இருக்கிறது சாதாரண வயர்" என்றேன். குடோனில் இருந்த புது வயரை எடுத்து வந்து மாட்டினேன். இரண்டு படமும் ஒன்றுபோலத் தெரிந்தன. அவர் கார்டை உள்ளே வைத்தார். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை! "கல்யாணத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான் ஒரு முடிவு எடுத்தார் தம்பி. அதையும் கெடுத்திட்டியே!"

அவர்கள் போனதும் மேனேஜர் திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "நீ சொன்னது சரிதான் பாபு. இன்னும் மூணு மாசம் டிரெயினிங்லயே இரு. மிக்ஸி பக்கம் போ, அங்க எல்லாத்துக்கும் ஒரே வயர்."

நல்ல வயர் கிடைத்தும் எச்.டி. டிவிடி தோற்றுவிட்டது என்ற செய்தியை, தேங்காய்ச் சட்னி அரைத்துக் காட்டிக்கொண்டே கேட்டேன்.