அப்பா என்னைத் தேடிய பெயர்

அண்ணாமலையாரை நம்பி வாழும் உங்களிடம் இதைச் சொல்ல எனக்குப் பல வருடங்கள் வாய் வரவில்லை. சொல்ல ஆரம்பித்தாலே அழுகை முந்திக்கொள்ளும்.

1998 கார்த்திகை. தேரோட்டத்தன்று காலை, தேரடித் தெருக் கூட்டத்தில் என் அப்பாவைத் தொலைத்துவிட்டேன்.

அப்பா கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயி. அம்மா போன பிறகு அவருக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்தது. சில நாள் தன் பெயரே நினைவிருக்காது. வேங்கிக்காலில் எங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேர் பார்க்க வேண்டும் என்று குழந்தை மாதிரி கேட்டார். அழைத்துப் போனேன். வடம் நகர்ந்ததும் கூட்டம் நெட்டித் தள்ளியது. கை நழுவிவிட்டது. திரும்பிப் பார்த்தால் அப்பா இல்லை.

என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓடினார். நான் போலீஸ் உதவி மையத்துக்கு ஓடினேன். மைக்கில் சொன்னார்கள்: "பெரியவர் கோவிந்தசாமி, உங்க மகள் சாந்தி இங்க காத்துக்கிட்டு இருக்காங்க." திரும்பத் திரும்பச் சொன்னார்கள். யாரும் வரவில்லை. வெயில் ஏறிவிட்டது. குளத்தில் விழுந்திருப்பாரோ, வண்டியில் அடிபட்டிருப்பாரோ என்று மனசு ஏதேதோ நினைத்தது.

கோபுரத்தைப் பார்த்துக் கைகூப்பினேன். சாமியிடம் பேரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும் என்று சின்ன வயதில் அப்பா பழக்கியிருந்தார். அது தானாக வாயில் வந்தது. "ஈஸ்வரா, கோவிந்தசாமி மக உண்ணாமலை கேக்கறேன். எங்கப்பாவைக் குடுத்துடு."

சொன்ன பிறகுதான் எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

உண்ணாமலை. அம்மன் பெயர். அப்பா ஆசையாக எனக்கு வைத்தது. 1989இல் கல்யாணமாகி வந்த வீட்டில் என் மாமியார் பெயரும் அதுவே. அந்தப் பெயரைச் சொல்லி மருமகளை எப்படி அதட்டுவது? அதனால் என்னைச் சாந்தி ஆக்கினார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. சம்பந்தி வீட்டு மரியாதைக்காக அப்பாவும் "ஏம்மா", "இந்தாம்மா" என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார். மாமியார் காலமான பிறகும் அந்தப் பெயர் திரும்பி வரவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுபடி உதவி மையத்துக்கு ஓடினேன். "உண்ணாமலை கூப்பிடறேன்னு சொல்லுங்க சார்."

"ஏம்மா, சாமி பேரைச் சொல்றீங்க? உங்க பேரைச் சொல்லுங்க."

"அதாங்க என் பேரு."

அறிவிப்பு முடிந்த கொஞ்ச நேரத்தில் பூ விற்கும் அம்மா ஒருவர் மூச்சிரைக்க வந்தார். "நீதான் உண்ணாமலையா? ஒரு பெரியவரு, உண்ணாமலை எங்க, உண்ணாமலை எங்கனு கேட்டுனே இருந்தாரு. அம்மனைத்தான் கேக்கறாருனு சன்னதிக்கு அனுப்பி உட்டேனே!"

ஓடினேன். அம்மன் சன்னதித் தூண் ஓரமாக அப்பா உட்கார்ந்திருந்தார். நெற்றியில் யாரோ குங்குமம் வைத்துவிட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கோபமாகக் கேட்டார்.

"எங்க போய்ட்ட உண்ணாமலை? எல்லாரும் நீ இங்கதான் இருக்கேனு சொன்னாங்க."

அவர் மடியில் விழுந்து அழுதேன். அப்பாவைக் கொடுத்தது மட்டுமல்ல, அவர் வாயால் என்னையும் கொடுத்தார் அண்ணாமலையார்.

அடுத்த ஆடியில் அப்பா போய்விட்டார். அதுவரை நாளெல்லாம் அந்தப் பெயர்தான். சாதம் கேட்க, தண்ணீர் கேட்க, சும்மா கூப்பிட. ஞாபகம் நன்றாக இருந்த காலத்தில் அவரை அப்படிக் கூப்பிட விட்டிருக்கலாமே என்ற வருத்தம் இன்றும் தீரவில்லை. என் வீட்டுக்காரரால் அப்படிக் கூப்பிட முடியவில்லை. "எங்கம்மா பேராச்சே" என்பார். பிள்ளைகளுக்கு நான் அம்மா. இப்போது அந்தப் பெயரைச் சொல்ல யாரும் இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் சன்னதியில் நானே சொல்லிக்கொள்கிறேன். அர்ச்சனையும் அந்தப் பெயருக்குத்தான்.

உங்களுக்கு என்ன கஷ்டமானாலும் அண்ணாமலையாரிடம் சொல்லுங்கள். அழகாகச் சொல்லத் தெரியாவிட்டாலும் கேட்பார். ஆனால் பெற்றவர்கள் இருந்தால், கோயிலுக்குப் போகும் முன் அவர்களிடம் போய், சின்ன வயதில் கூப்பிட்டபடி ஒரு தரம் கூப்பிடச் சொல்லுங்கள். எனக்கு அது சில மாதங்கள்தான் கிடைத்தது.