ஐம்பத்தோரு அங்குலம்

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நடந்தது நடந்ததுதான். ஒன்டாரியோ ஏரிக்குக் கிழக்கே எங்கள் ஊரில், வெர்னா கட்ஷாவுக்கு, போன ஜனவரியில், பட்டப்பகலில் நடந்தது.

வெர்னாவுக்குப் பனி அளப்பதில் பைத்தியம். முற்றத்தில் ஒரு வெள்ளைப் பலகை போட்டிருக்கிறாள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அதில் மூன்று இடத்தில் அளவுகோலைக் குத்திப் பார்த்து, பலகையைத் துடைத்துவிட்டு, ஊர்ப் பனிக்கணக்கு எழுதும் லோயிஸுக்கு ஃபோனில் சொல்வாள். நடுவில் துடைக்கக் கூடாது. புதுப்பனி நேரம் ஆக ஆக அமுங்கும். அடிக்கடி துடைத்து அளந்தால் கூடுதலாகக் காட்டும். அது திருட்டு.

எதிர்வீட்டு ஓரின் டேஹில் இருபது வருஷம் அவளை முந்தினான். ‘ஒரே நாளில் ஐம்பத்தோரு அங்குலம்’ என்று சாப்பாட்டுக் கடைச் சுவரில் அவன் பெயர் தொங்குகிறது. அவன் செத்து இரண்டு வருஷம் ஆயிற்று. பெயர் மட்டும் இறங்கவில்லை. பார்க்கும்போதெல்லாம் வெர்னாவுக்கு வயிறு எரியும். செத்தவன்மேல் என்ன பொறாமை என்று கேட்காதீர்கள். உயிரோடு இருப்பவனையாவது என்றைக்காவது ஜெயிக்கலாம்.

அன்று காலை ஏழு மணி. பதினெட்டு மணி நேரத்தில் நாற்பத்து மூன்று அங்குலம் விழுந்திருந்தது. மதியம் ஒரு மணிக்குக் கடைசி அளவு.

“இன்னும் ஒம்போது இஞ்சு விழுந்தா ஓரின் காலி, வெர்னா!” என்று லோயிஸ் ஃபோனில் சிரித்தாள்.

“விழும். விழ வைக்கிறேன்.”

ஆனால் பனி குறைந்துகொண்டே வந்தது. ஒழுங்காக அளந்தால் ஆறு தேறும். வெர்னா துடைப்பத்தை எடுத்தாள். மணிக்கொரு தரம் துடைப்பது என்று முடிவு செய்தாள்.

8:00. ஒன்றரை. துடைத்தாள்.

9:00. ஒன்றரை. ஆனால் பலகைப் பனியில் ஏற்கெனவே மூன்று கீறல்கள்... அளவுகோல் குத்திய கீறல்கள். சுற்றிலும் ஒரு காலடி இல்லை.

10:00. ஒன்றரை. மறுபடியும் மூன்று கீறல்கள். துடைத்தாள்.

11:00. துடைத்துத் தள்ளிய பனியெல்லாம் பலகைமேல் இருந்தது. நாலு மணி நேரப் பனி... அமுங்கி, அப்படியே.

“செத்தும் விடமாட்டியாடா ஓரின்? இது என் பனிடா!”

பனியின் வெள்ளைக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

மிகப் பக்கத்தில்.

அப்போதும் ஒன்றரை என்று கணக்கு வைத்துத் துடைத்தாள். பிடிவாதம்!

12:00. ஒன்றரை. துடைத்துத் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால்...

சர்ர்க்.

அளவுகோல்.

சர்ர்க்.

ஓடினாள். கதவைத் தாழிட்டாள். சமையலறையில் ஃபோனுக்குப் பக்கத்து நாற்காலியில் விழுந்தாள். அதற்குப் பிறகு வெளியே போகவே இல்லை. கடைசி ஒன்றரையை மனக்கணக்கில் சேர்த்தாள்.

1:10. எண்களை அழுத்தினாள்.

“லோயிஸ்... அம்பத்திரண்டு!”

மறுமுனையில் தாள் புரண்டது. பிறகு மெதுவாக...

“உங்க வீட்டு அளவு வந்துடுச்சே, வெர்னா. ஆறு. மொத்தம் நாப்பத்தொம்போது.”

“யாரு சொன்னது?”

“ஒரு ஆம்பளை. உன் நம்பர்லேருந்துதான். ‘அவ மணிக்கொரு தரம் துடைக்கிறா, அவ சொல்றதை எழுதாதே’ன்னாரு.”

“எப்போ?”

“ஒண்ணு அஞ்சுக்கு. எழுதி வச்சிருக்கேன்.”

ஒன்று ஐந்துக்கு வெர்னா அதே நாற்காலியில்தான் இருந்தாள். அவள் கை ஃபோன்மேலேயே இருந்தது.