துளையில்லாத மூடி

எங்கள் நாய்க்கு எச்சில் ஒழுகிய அன்று லயத்தில் எல்லோரும் வைத்தியர் ஆனார்கள். அது மலாயாவில் அவசரகாலம். தேயிலை மலையில் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். அதன் அடியில் நுழைந்து காட்டோரம் போய்வருகிற சுதந்திரம் அந்த நாய்க்கு மட்டும்தான் இருந்தது. அன்று மத்தியானம் கயிறு கயிறாய் வாய் ஒழுகத் திரும்பி வந்தது.

"தேரையைக் கவ்வியிருக்கும் லா," என்றார் பக்கத்து வீட்டுப் பெரியப்பா. அம்மாவோ, புல்லுக்கு அடிக்கிற மருந்தை நக்கியிருக்குமோ என்று பயந்தாள். நான் தண்ணீர் வைத்தேன். நக்கிக் குடித்தது, பாதி வெளியே வழிந்தது.

அம்மாவின் தம்பி, என் மாமா, வேலை விட்டு வந்தார். தினமும் தன் சோற்றில் பாதியை நாய்க்கென்று வேலியோரம் எடுத்துப்போகிறவர். குனிந்து அதன் வாயைப் பார்த்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"வெறி. யாரும் கிட்ட வராதீங்க."

"வெறிநாய் தண்ணி குடிக்குமாடா?"

"நீ என்ன டாக்டராக்கா? பிள்ளையைக் கடிச்சா தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு யாரு தூக்கிட்டு ஓடுறது?"

அவரே போய் கேட்டில் நின்ற காவல்காரரைக் கூட்டி வந்தார். ஒரு குண்டுதான்.

புதைத்ததும் மாமாதான். நான் பின்னாலேயே போனேன். குழியில் இறக்குமுன் வெறுங்கையை வாய்க்குள் விட்டு, பல்லில் மாட்டியிருந்ததைப் பிடுங்கினார். மடங்கிய சார்டின் மீன் டின் மூடி.

"வெறி இல்லையா மாமா?"

"இருந்துச்சு. போயிடுச்சு."

அந்நாளில் கடைக்காரர் டின்னில் துளை போட்டுத்தான் விற்க வேண்டும். துளை போட்டது சீக்கிரம் கெட்டுவிடும், சர்க்காரை எதிர்த்துக் காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குப் போய்ச் சேராது என்பது சர்க்காரின் கணக்கு. இந்த மூடியில் துளை இல்லை. கடைக்காரர் மறந்திருப்பார் என்று நினைத்தேன். மாமா அதை மடியில் செருகிக்கொண்டார்.

சாயங்காலம் வழக்கம்போல் சோற்றில் பாதியை ஒதுக்கி வைத்தார்.

"இனி யாருக்குடா?" என்றாள் அம்மா.

அவர் வேலிக்கு அப்பால் காட்டைப் பார்த்தார். அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு தன் தட்டிலிருந்து ஒரு கை அள்ளி அதோடு சேர்த்தாள். இரண்டு பேருக்கும் மறந்துபோயிற்று என்று நினைத்து, நாய்தான் செத்துப்போச்சே என்று நான் சத்தமாக நினைவுபடுத்தினேன்.

அம்மாவின் அறை கன்னத்தில் விழுந்தது. எதற்கென்று தெரியவில்லை. நாய்க்காக அழுகிறேன் என்றுதான் லயத்தில் எல்லோரும் நினைத்தார்கள்.