நேரமிருப்பின் வாசிக்கப்படும்

அந்த யோசனை வந்தபோது நான் சுங்கை பினாங்கில், எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்து டோபிக் கடையில் உட்கார்ந்து, உலர்த்தும் இயந்திரத்தின் வட்டக் கண்ணாடியை முறைத்துக்கொண்டிருந்தேன். காசைப் போட்டால் தானே துவைத்துத் தானே உலர்த்திக் கொடுக்கும் கடை. கல்லாவும் கிடையாது, கடைக்காரரும் கிடையாது. அந்த டிசம்பரில் மழை விடவே இல்லை. வீட்டுக் கொடி முழுக்க ஈர வாடை. நான்கு நாள் துணியைக் கூடையில் அள்ளிக்கொண்டு வந்திருந்தேன். எதிர் பெஞ்சில் ஐந்து பேர். மாக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் ஒரு மலாய்க்கார அம்மாவைத் தவிர மற்ற நால்வரும் நம்மவர்கள். கைப்பேசியைப் பார்த்துச் சலித்து, அவர்களும் என்னைப் போலவே சுற்றுகிற துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் கைப்பையில் அன்று காலை நடந்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் கசங்கிக் கிடந்தது. அதில் ஒன்பதாவது வரி: சிறுகதை வாசிப்பு, நேரமிருப்பின்.

நேரமா? இதோ, இந்த ஐந்து பேரிடமும் ஆளுக்கு அரை மணி நேரம் இருக்கிறது. துணி உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. ஒருவரும் எழுந்து போக முடியாது.

நான் எழுந்தே நின்றுவிட்டேன். என் துணி முடிந்துவிட்டதாக நினைத்து மாக்சிக் கூடையை நகர்த்திக் கொடுத்தார்.

காலையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பள்ளி விடுமுறை வந்தால்தான் எங்கள் ஊரில் இலக்கியம் நடக்கும். எழுத்தாளர் சங்கத்தில் பாதிப்பேர் ஆசிரியர்கள்; டிசம்பரில்தான் அவர்களுக்கு மூச்சு விட நேரம். கோலாலம்பூரில் படிக்கும் நானும் அப்போதுதான் வீட்டுக்கு வருவேன். ஆகவே ஆண்டிறுதிச் சந்திப்பு. எனக்குக் கொடுத்த இலக்கியப் பணி, பட்டுச் சேலை கட்டி, வாசலில் சந்தனத் தட்டு ஏந்தி நிற்பது. போன வருடமும் அதேதான். என்னோடு எழுத வந்த பையன்களுக்கு ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள், எனக்குத் தட்டைக் கொடுத்தார்கள்.

சிறப்பு வருகையாளர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார். மாலை, பொன்னாடை, நினைவுச் சின்னம், படம். இளைஞர்கள் நிறைய எழுத வேண்டும் என்று நாற்பது நிமிடம் பேசினார். எழுதியவற்றை யார் கேட்பது என்று அவர் சொல்லவில்லை. அவர் இறங்கிப் போனதும் நேராக நன்றியுரை. ஒன்பதாவது அங்கம் இருந்த இடம் தெரியவில்லை.

அந்த ஒன்பதாவது அங்கம் ஓர் அக்கா. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்பவர், எங்களுக்கு இரண்டு கட்டடம் தள்ளி இருக்கிறார். தொழிற்சாலைக்குப் பள்ளி விடுமுறை ஏது? சிப்ட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். மூன்றாவது வருடமாக அவருடைய கதை நிரலில் அச்சாகிறது; மூன்றாவது வருடமாக நேரம் இருக்கவில்லை. மதியச் சாப்பாட்டு வரிசையில் தம் கதையின் நான்கு தாளையும் நான்காக மடித்துக் கைப்பைக்குள் திணித்தார்.

"இதோட போதும், தங்கச்சி. பேர அச்சடிச்சதே பெருசு. இனிமே எழுதறதா இல்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. பரிமாறுகிறவரிடம் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்கிற குரலில் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்தக் கதையை நான் படித்திருந்தேன். தட்டைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடிவந்து ஒலிவாங்கியில் படிக்கத் தகுந்த கதை. நான் எறியவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

டோபியிலிருந்து சூடு ஆறாத துணிக் கூடையோடு நேராக அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் கூடையைத்தான் முதலில் பார்த்தார்.

"என்னாது, என் வீட்ல இஸ்திரி போட வந்தியா?"

சொன்னேன். துணி காய்கிற நேரத்தில் டோபியிலேயே கதையைப் படிக்கலாம் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் சிரித்தார்.

"டோபியிலயா? ஆளுங்க துரத்த மாட்டாங்க?"

"யாரு துரத்தறது? கட மொதலாளி தவுக்கே வாரத்துக்கு ஒரு தடவதான் வர்றாரு. செவுத்துல மூணு மொழியில போட்டிருக்கான், தூங்காதே, சிகரெட் பிடிக்காதே, பூனையக் கூட்டிட்டு வராதேன்னு. தமிழ்ல ஒண்ணுமே போடல. அப்ப தமிழ்ல எல்லாமே செய்யலாம்லா!"

அதற்கும் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் நின்னு படிக்க மாட்டேன். உட்கார்ந்துதான்," என்றார். சரி என்று அர்த்தம்.

சனிக்கிழமை மாலை. மழை நல்ல மழை, எங்கள் அதிர்ஷ்டம். பெஞ்சில் ஏழு பேர். ஒரு மூலையில் பாதுகாவலர் வேலை செய்யும் அங்கிள் ஒருவர், அவருடைய சீருடை உலர்த்தியில் சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா தம் வீட்டுப் போர்வையை உலர்த்தியில் போட்டுவிட்டு, தாள்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து, அனைவருக்கும் வணக்கம் என்றேன்.

இங்கேதான் அந்த அவமானம் நடந்தது. நான் ஒரு வரவேற்புரை தயாரித்து வைத்திருந்தேன். ஏன் டோபிக் கடை, யாருக்காக இலக்கியம், மண்டபங்கள் யாருடையவை, மாலைகள் எதை மறைக்கின்றன... பேசிக்கொண்டே போனேன். நன்றாகத்தான் பேசினேன் போலும், எனக்கே புல்லரித்தது. ஓர் இயந்திரம் பீப் என்றது. ஒருவர் எழுந்து துணியை அள்ளிக்கொண்டு போனார். இன்னொரு பீப். பாதுகாவலர் அங்கிள் கதவருகே நின்று, "பேச்சு நல்லா இருக்குமா, எனக்கு வேலைக்கு நேரமாச்சு," என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். நான் கடைசிப் பத்திக்கு வந்தபோது பெஞ்சில் அக்காவும் நானும்தான்.

அக்கா போர்வையை எடுத்து மடித்தார். ஒரு முனையை என்னிடம் நீட்டினார், நானும் பிடித்து மடித்தேன்.

"நல்லா பேசின, தங்கச்சி. கழுத்துல ஒரு மாலதான் இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று வருடம் மற்றவர்கள் செய்ததை நான் இருபது நிமிடத்தில் செய்து முடித்திருந்தேன்.

"அக்கா, இன்னொரு தடவ. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"பாக்கலாம்," என்றார். அவர் அப்படிச் சொன்னால் முடியாது என்றுதான் பொருள் என்று எங்கள் அடுக்குமாடிக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சங்கச் செயலாளரிடமிருந்து அழைப்பு வந்தது. யாரோ படம் பிடித்துச் சங்கத்தின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் போட்டிருக்கிறார்கள். நான் கையை உயர்த்திப் பேசுவதும் பின்னால் யாருடைய சட்டையோ சுற்றுவதும் அதில் தெளிவாகத் தெரிந்ததாம்.

"ஏம்மா, டோபிக் கடையில போயி இலக்கியமா? நாலு பேர் உள்ளாடை தொங்கற எடத்துல?"

"தொங்கல அண்ணே, சுத்துது."

"வெளையாடாத. நம்மள யாரு மதிப்பா? சிறப்பு வருகையாளரக் கூப்பிட்டாத்தான் மண்டபம் கெடைக்கும், சாப்பாடு கெடைக்கும். சும்மா கெடைக்குதுன்னு நெனச்சியா?"

அவர் சொன்னது பொய்யில்லை. மண்டபத்துக்காக அவர் எத்தனை அலுவலகத்தில் காத்துக் கிடந்தார் என்று எனக்குத் தெரியும். தம் கதை ஒன்றைக்கூட அவர் அந்த மேடையில் வாசித்ததில்லை. ஆனாலும் என்னால் விட முடியவில்லை.

"அந்த அக்கா கதைய மூணு வருஷமா அச்சடிக்கிறீங்க. நீங்க ஒரு தடவ படிச்சீங்களா, அண்ணே?"

பின்னணியில் அவர் வீட்டுத் தொலைக்காட்சி கேட்டது.

"அடுத்த வருஷம் தட்டுப் பிடிக்க வேற ஆளப் பாருங்க," என்று சொல்லி வைத்துவிட்டேன். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரோட இப்படி ஏத்தமா பேசற?" என்றார். அந்தக் கேள்வியில் கொஞ்சம் பெருமையும் இருந்ததாக நான் நினைத்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை மாலை, அக்காவே கூப்பிட்டார். "துணி போட வந்திருக்கேன். நீ வர்றதுன்னா வா. வாயக் கட்டிட்டு வா."

ஓடினேன். பெஞ்சில் ஆறு பேர், அதே பாதுகாவலர் அங்கிளும் அன்றைய மாக்சிக்கும் சேர்த்து. அக்கா துணியைப் போட்டு, கதவை அடித்துச் சாத்தி, பொத்தானை அழுத்தினார். வணக்கம் இல்லை, முன்னுரை இல்லை. தாளைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்துவிட்டார். முதலில் யாருக்கும் புரியவில்லை. யாரிடமோ கைப்பேசியில் பேசுகிறார் என்று நினைத்தார்கள். இயந்திர இரைச்சலில் முதல் பத்தி போயே போய்விட்டது. ஓர் அம்மா, "கொஞ்சம் சத்தமா படிங்க," என்றார். அக்கா மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

கதை இதுதான். தூசு புகாத அறையில் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்புப் போட்டு, கண் மட்டும் தெரிய, பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை செய்யும் இரண்டு பெண்கள். சாப்பாட்டு நேரம் இருவருக்கும் வேறு வேறு. ஒருத்தியின் முகத்தை மற்றவள் பார்த்ததே இல்லை. ஒருத்தி அழுத நாளில் மற்றவள் கண்ணைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறாள். ஒருநாள் பசாரில் இருவரும் ஒரே கடையில் நிற்கிறார்கள். கண் தெரிந்த கண்ணாக இருக்கிறது, முகம் யாருடையதோ.

பீப். பாதுகாவலர் அங்கிளின் உலர்த்தி நின்றது. அக்காவும் நிமிர்ந்து பார்த்தார், குரல் ஒரு வரி தடுமாறியது. அங்கிள் எழுந்து போய்க் கதவைத் திறந்து சட்டையைத் தொட்டுப் பார்த்தார். நன்றாகவே காய்ந்திருக்க வேண்டும். கதவை மறுபடி சாத்தி, இன்னொரு சுற்றுக்குக் காசைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அப்புறம்? அந்தப் பொண்ணு பேசுனாளா இல்லையா?"

அக்கா படித்தார். கதையில் அந்தப் பெண் பேசவில்லை. கையிலிருந்த கீரைக்கட்டைத் தூக்கித் தன் மூக்கையும் வாயையும் மறைத்துக்கொண்டு, கண் மட்டும் தெரிய, மற்றவள் முன்னால் நிற்கிறாள். அவ்வளவுதான் கதை.

யாரும் கைதட்டவில்லை. ஓர் அம்மா, எந்தத் தொழிற்சாலை என்று கேட்டார். தம் மகளும் அங்கேதான், முகமூடியோடுதான் என்றார். அங்கிள் சீருடையை எடுத்துக்கொண்டு, "சூடாவே போட்டுட்டுப் போறேன்," என்று சொல்லிவிட்டு மழையில் ஓடினார். அவர் நிச்சயம் தாமதமாகத்தான் போயிருப்பார். ஒரு வார்த்தை புரியாமல் கடைசி வரை கேட்ட மாக்சிக், அக்காவிடம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

அக்கா தாளை மடித்தார். இந்த முறை இரண்டாகத்தான்.

அன்றிரவு செயலாளர் ஒரு செய்தி அனுப்பினார். அடுத்த ஆண்டு நிரலில் அக்காவின் கதையை மூன்றாவதாகப் போடுகிறாராம். அக்காவிடம் காட்டினேன். "சொல்லு, வரேன்னு. ஆனா நேரம் இருந்தா," என்றார்.

அவருக்கு உண்மையிலேயே நேரம் இல்லை. இரண்டாவது கதை பாதியில் நிற்கிறது. அதைத் தொழிற்சாலைப் பேருந்தில் படிப்பது என்று முடிவு செய்திருக்கிறார். காலை ஐந்தே முக்காலுக்கு எங்கள் கட்டடத்துக்கு எதிரே வந்து நிற்கும் பஸ். ஓட்டுநரிடம் பேசப் போனபோது நானும் கூட நின்றேன்.

"என்னா கதைக்கா, பேய்க் கதையா?"

"இல்லலா, நம்ம பேக்டரி லைன் கத."

"அப்ப பேய்க் கததான். சரி, பாலத்தத் தாண்டற வரைக்கும் ரேடியோவ நிப்பாட்டறேன். அதுக்கு மேல முடியாது, பாதிப் பேரு தூங்கணும்."

நானும் ஏறலாமா என்று கேட்டேன். கம்பெனி அட்டை இல்லாதவர் ஏற முடியாதாம். ஆக, அந்த வாசிப்பில் எனக்கு இடமில்லை. இரண்டு நாளில் கோலாலம்பூருக்கும் கிளம்பியாக வேண்டும். அதற்குள் அக்கா இதுவரை எழுதிய கையெழுத்துப் பிரதியைப் பெரிய பெரிய எழுத்தில் பெயர்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன், பஸ்ஸில் விளக்கு மங்கலாம். கடைசி இருக்கையில் உட்கார்ந்துதான் படிப்பாராம். எல்லோரும் முன்னால் பார்த்துக்கொண்டிருப்பார்கள், முகம் தெரியாது, குரல் மட்டும் போகும் என்கிறார். யாராவது சத்தம் போட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"அத விட சத்தமா படிப்பேன்."

இன்னும் ஒன்றரைப் பக்கம் பெயர்த்து எழுத வேண்டும். திங்கட்கிழமை காலை அக்காவின் பஸ்.